ஏறுறவங்களும் ஏத்தப்படுறவங்களும்

எங்க ஆத்தா கூலிக்குப் போனதெல்லாம் டிராக்டர் டிரெய்லரில்தான். கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவிலுள்ள வயல்களுக்கு நடவுன்னா விடியுமுன்னே காலனி முக்கில் வண்டி நிற்கும். முப்பது பொம்பளைங்க நின்னுக்கிட்டே போகணும். அறுப்புக் காலத்தில் நெல்மூட்டைக்கு மேலே உட்கார்ந்து திரும்பணும். "ஒரே நடையில ஆள ஏத்திரு" என்பார் வயல்காரர்.

பஸ்ஸில் சனம் ஏறுது. காரில் முதலாளி ஏறுறார். எங்க சனத்தைத்தான் ஏத்துறாங்க, மூட்டையை ஏத்துற மாதிரி. தன்வினை, பிறவினை என்று எம்.ஏ.வில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அதுக்குள்ளே சாதி இருப்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

டிரெய்லருக்குப் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது. டிராக்டர் நின்றாலும் பின்னாலிருக்கும் பாரம் நிற்காமல் முன்னே தள்ளும். இறக்கத்தில் பாரம்தான் டிராக்டரை ஓட்டும். இருட்டினால் பின்விளக்கும் எரியாது. ஏலத்தோட்டத்துக்குக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறும் ஜீப்புகளிலும் இதே நெரிசல்தான்.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு கூடினால் 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன்னுக்கு 2,000. ஆள் கூடினால் தலைக்கு 200. ஐம்பது கிலோ ஆத்தாக்கள் இருபது பேர் சேர்ந்தால் ஒரு டன். அந்த ஒரு டன்னுக்கு 4,000. ஒரு டன் கரும்புக்கு 22,000!

மண் ஏற்றிய டிரெய்லரிலிருந்து விழுந்த கூலி ஒருவரின் வழக்கில், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டப்படி பொறுப்பில்லை என்றது உச்ச நீதிமன்றம், 2007இல். ஆனாலும் ஏழை, முடமாகிப்போனவர் என்பதால் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. அவருக்குக் கிடைத்தது இரக்கத்தில் வந்த பணம்.

"தெரிஞ்சுதானே ஏறுறாங்க?" என்று கேட்டார் படித்த நண்பர் ஒருவர். சம்மதம் என்றால் மாட்டேன் என்று சொல்லவும் வழியிருக்கணும். இறங்கினால் அன்றைய கூலி போச்சு. ஓட்டுகிற பையனும் நம்ம தெருக்காரன்தான். ஆளை ஏற்றி ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரையும், அனுமதித்தவரையும் சேர்த்தே சட்டம் சொல்கிறது. நான் பார்த்த கேஸ்களில் மாட்டியது பையன் மட்டும்தான். ஒரே நடையில் கொண்டுவரச் சொன்னவர் வண்டியிலேயே இல்லையே, வரப்பில் குடையோடு நின்றார். மிச்சமான டீசல் அவருக்கு, வழியெல்லாம் பட்ட பயம் எங்களுக்கு.

ஒருநாள் வாய்க்கால் இறக்கத்தில் வண்டி உலுக்கியதும் ஆத்தா இறங்கிக்கொண்டாள். அஞ்சு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரம் பூராவும் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.