வயித்து வலிக்கு என்ன மார்க்?

ஆறாம் வகுப்பில் எனக்குத் திங்கட்கிழமை காலையானால் வயிறு வலிக்கும். "நேத்து நல்லாத்தானேடா ஆடிட்டு இருந்தே?" என்பார் அம்மா. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்றார். சில வாரங்களில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நடிக்கிறேனோ?

எச்பிஎஸ்சி என்ற ஆய்வின் கேள்விகளைப் பார்த்தபோது இது ஞாபகம் வந்தது. 1982இல் தொடங்கி, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளில், நான்கு வருடத்துக்கு ஒருமுறை 11, 13, 15 வதுப் பிள்ளைகளிடம் நடத்துகிறார்கள். எட்டு அறிகுறிகள்: தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி, மனச்சோர்வு, எரிச்சல், பதற்றம், தூக்கம் வராமை, தலைசுற்றல். கடந்த 6 மாதத்தில் எவ்வளவு அடிக்கடி வந்தது என்று மட்டும்தான் கேள்வி. ஏன் வலிக்கிறது என்று கேட்பதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டும் வேண்டாம். பிள்ளை போடும் டிக் போதும்.

நம்புவது வரை சரி. அந்த டிக்குகளைக் கூட்டி ஒரே எண்ணாக்கும்போதுதான் தலைவலி (இது எனக்கு).

ஸ்வீடனில் கர்ட் ஹாக்விஸ்ட் என்ற ஆய்வாளர் இதேபோல எட்டுக் கேள்விகள் கொண்ட வேறொரு அளவுகோலை ராஷ் முறையில் சோதித்தார். ஜார்ஜ் ராஷ் டென்மார்க் கணிதவியலாளர். அவர் முறை கேட்பது இதுதான்: டெய்லரின் டேப் ஆளுக்கு ஆள் நீளக்கூடாது. வயிற்றுவலிக் கேள்வியில் டேப் நீண்டது. மொத்தத்தில் ஒரே அளவு தொந்தரவு உள்ள பையனையும் பெண்ணையும் எடுத்தாலும், பெண்தான் அந்தக் கேள்விக்கு அதிகம் டிக் போடுகிறாள். அந்த வயதில் மாதவிடாய் வலி என்று ஒன்று இருக்கிறதே.

அப்போ என்ன செய்வது? அப்படியே விட்டால் பெண்களின் மார்க் ஏறும், அதைக் காட்டி "பொண்ணுங்களுக்கு மனசு வீக்" என்று சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். தூக்கிவிடலாமா? கணக்கு சுத்தமாகும். ஆனால் வலிக்குது என்று சொன்னவளிடம், உன் வலி எங்கள் மாடலுக்குப் பொருந்தவில்லை, அதனால் சேர்க்கவில்லை என்கிறோம். எனக்கு இது அந்த டாக்டரின் "ஒண்ணுமில்லம்மா"வாகவே கேட்கிறது. இவர்களுக்குப் புள்ளியியல் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது வழி, கேள்வியைப் பிரிப்பது. ஒரே கேள்விதான், ஆனால் கணக்கிடும்போது பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டாக வைத்துக்கொள்வது. கோட் ரிவ்யூவில் யாராவது இப்படி ஸ்பெஷல் கேஸ் எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே அனுப்ப மனம் வரவில்லை. அளவுகோல் கொஞ்சம் அசிங்கமாகிறது, யாருடைய வலியும் காணாமல் போகவில்லை.

ஆனாலும் ஒன்று. அந்தத் தாள் அன்று என் கைக்கு வந்திருந்தால் 'ஏறக்குறைய வாரம் ஒருமுறை' என்று நேர்மையாக டிக் போட்டிருப்பேன். பெயர் எழுதாத தாள், யாரும் என்னைத் தேடி வந்திருக்கவும் மாட்டார்கள். எங்களுக்குத் திங்கட்கிழமை முதல் பீரியட் கணக்கு. சார் மேஜையில் பிரம்பு இருக்கும். அம்மாவும் டாக்டரும் டைம்டேபிளைக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.