சந்தேகத்தின் தர்மம்

"அந்நிய நாடு ஒன்று நம் மண்ணில் சதி செய்கிறது" என்று ஓர் அரசாங்கம் அறிவித்தால் குடிமகன் என்ன செய்ய வேண்டும்? உடனே நம்புகிறவனைத் தேசபக்தன் என்றும், ஆதாரம் கேட்கிறவனைத் துரோகி என்றும் சொல்லிவிடுவது உலக வழக்கம். அந்த வழக்கம் நியாயந்தானா?

2011 அக்டோபரில் அமெரிக்க சர்க்கார் அப்படியொரு குற்றச்சாட்டை வெளியிட்டது. வாஷிங்டனில் இருந்த சவூதி அரேபியத் தூதரைக் கொல்ல, ஈரானியப் புரட்சிக் காவல் படையின் ஒரு பிரிவு திட்டமிட்டதாம். இடையில் நின்று காரியம் பார்த்தவர், டெக்ஸாஸில் பழைய கார் விற்று வந்த ஒருவர். மெக்ஸிகோக் கொலைக் கும்பலைச் சேர்ந்தவன் என்று நம்பி அவர் 15 லட்சம் டாலருக்குப் பேரம் பேசிய ஆசாமியோ, அமெரிக்க அதிகாரிகளுக்கே உளவு சொல்பவன்! ஈரான் மறுத்தது. "கைதேர்ந்த படை இவ்வளவு அசட்டுத்தனமாகவா நடந்துகொள்ளும்?" என்று அமெரிக்காவிலேயே சிலர் கேட்டார்கள்.

கேட்டதில் தவறில்லை. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2003-ல் அந்தத் தேசத்தின் மந்திரி ஐ.நா. சபையிலே அடித்துச் சொன்னார். படையெடுத்துப் போய்த் தேடியபோது, சொன்ன ஆயுதக் குவியல் அங்கே இல்லை. ஒரு முறை நாணயம் தவறியவன் மறுபடி கடன் கேட்டு வந்தால், ஈடு கேட்பது உலக நடைமுறை அல்லவா?

ஆனால், சந்தேகத்துக்கும் ஒரு தர்மம் உண்டு. ஈரானிய ராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து சதி செய்ததாக அந்தக் கார் வியாபாரி 2012-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மறு வருஷம் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அசட்டுத்தனம் ஒருவர் நிரபராதி என்பதற்குச் சாட்சி ஆகாது. உலகத்தில் அசட்டுச் சதிகளும் உண்டு. சந்தேகித்தவர்கள் இதையும் ஏற்கத்தான் வேண்டும். எந்த ஆதாரத்துக்கும் இணங்காத சந்தேகம் இன்னொரு வகை மூடநம்பிக்கை.

அத்துடன் கணக்குத் தீர்ந்துவிட்டதா? ஒருவரின் வாக்குமூலம் அவர் செய்ததைச் சொல்லும். டெஹ்ரானின் உச்சியிலிருந்து கட்டளை பிறந்ததா என்பதை அது நிரூபிக்காது. 'ஈரான்' என்ற ஒற்றைச் சொல்லிலோ, அன்று ஏழரைக் கோடி மக்கள் அடங்கியிருந்தார்கள். யுத்தம் வந்தாலும் பொருளாதாரத் தடை வந்தாலும், தூதரின் பெயரைக்கூடக் கேள்விப்படாத வீட்டில்தான் முதலில் அடுப்பு அணையும்.

தனி மனிதனைச் சிறைக்கு அனுப்பவே நீதிமன்றம் சாட்சி கேட்கிறது. ஒரு தேசத்தைத் தண்டிப்பதற்கு மட்டும் சாட்சி வேண்டாமென்றால், அது எந்த ஊர் நியாயம்?