சீருடையின் சொல்

2010 அக்டோபர் 29 அன்று கோவையில் பள்ளிக்குக் கிளம்பிய ஓர் அக்காவும் தம்பியும் கடத்தப்பட்டார்கள். சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். பிறகு இருவரும் வாய்க்காலில் தள்ளிக் கொல்லப்பட்டார்கள். கைதான இருவரில் ஒருவர் நவம்பர் 9 அதிகாலையில் போலீஸ் காவலில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. ஊர் பட்டாசு வெடித்தது, இனிப்பு வழங்கியது.

இன்னொருவர் நீதிமன்றத்தில் நின்றார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளும் குற்றத்தை ஏற்றார்கள். ஒருவர் மட்டும் சாகும்வரை சிறையே போதும் என்று எழுதினார். அவர் மாறுபட அங்கே இடம் இருந்தது. நவம்பர் 9 அதிகாலையில் அப்படி யாருக்கும் இடமில்லை.

போலீஸ் சுட்ட பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. 2014 செப்டம்பரில், பி.யூ.சி.எல். தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வகுத்தது. வழக்குப் பதிய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்துக் குழுவோ விசாரிக்க வேண்டும். சுட்ட ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். உயிர் போயிருந்தால் நடுவர் விசாரணை கட்டாயம். உடனடிப் பதவி உயர்வும் வீர விருதும் கூடாது. கொடுங்காயம் ஏற்பட்டாலும் இந்த நெறிகள் பொருந்தும்.

இதையெல்லாம் குற்றவாளிக்குக் காட்டும் கருணை என்றே பலரும் பேசுகிறார்கள். பெண்கள் வாச்சாத்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில், சந்தனக் கடத்தலைத் தேடி வந்த அரசுப் படையினர் 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அதிகாரிகள் சாதித்தார்கள். விசாரணை சி.பி.ஐ.யிடம் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 2011இல், அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சீருடை சொல்வதே முடிந்த முடிவு என்று ஆகியிருந்தால், அந்தப் பெண்கள் இன்றும் பொய்யர்கள்தான்.

19 ஆண்டுகள் யார் காத்திருப்பது என்ற கேள்வி நியாயமானது. அந்தச் சலிப்பில்தான் துப்பாக்கி நமக்கு இனிக்கிறது. ஆனால் தாமதத்துக்கு மருந்து விரைவான விசாரணை. விசாரணையே இல்லாமல் போவதல்ல. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது போலீசார் மீது பூத்தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்று 2022இல் சிர்புர்கர் ஆணையம் சொன்னது. இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது.

2025 நவம்பரில் கோவை விமான நிலையம் அருகே ஒரு மாணவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். சந்தேகத்துக்குரிய மூவர் காலில் சுட்டுப் பிடிக்கப்பட்டார்கள். அந்த மாணவிக்கு வேண்டியது நிலைத்து நிற்கும் தீர்ப்பு. பாராட்டுவதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியவை எளியவை: சுட்டதை விசாரிப்பது யார்? அந்தத் துப்பாக்கி இப்போது யாரிடம் இருக்கிறது? பிடித்த தோட்டாவுக்கு இதைக் கேட்காத நாம், நாளை ஒரு காவல் நிலையத்துக்குள் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் எந்த வாயால் கேட்போம்?