கிடைப்பதும் இருப்பதும்

ஒரு பொருள் உலகில் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறதென்று நாடுவோருக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் அடைய வழியில்லை. அதனை உள்ளதென்பதா, இல்லையென்பதா? தருக்க நூலார்க்கே உரியது போலத் தோன்றும் இவ்வினா, இன்று பூன் லே வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளிலும் எழுகின்றது. பாட்டி தம் இளமையில் கண்டு மகிழ்ந்த திரைப்படம் ஒன்றைக் கேட்கிறார். பேரன் நெட்பிளிக்சில் தேடுகிறான்; அமேசான் பிரைமில் தேடுகிறான்; சன் நெக்ஸ்டில் தேடுகிறான். மூன்றுக்கும் திங்கள்தோறும் கட்டணம் செலுத்தும் வீடு அது. படம் அகப்படவில்லை. "சென்ற ஆண்டு இருந்ததே" என்கிறான். இருந்தது உண்மைதான், உரிம ஒப்பந்தம் முடிந்ததும் அகன்றுவிட்டது.

முன்னாளில் எந்தப் படம் எந்தக் கொட்டகையில் என்பதை நாளிதழ் விளம்பரம் சொல்லிவிடும். ஜூரோங்கிலேயே 1971 முதல் 1985 வரை, காருக்குள் அமர்ந்தபடி படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு ஒன்று இருந்தது. இன்றோ, தேடுவதற்கென்றே தனி வழிகாட்டிகள் வேண்டியிருக்கின்றன. பெர்லின் நகரில் தோன்றிய ஜஸ்ட்வாட்ச் என்னும் தளம், ஒரு படம் எந்தச் சேவையில் உள்ளது, வாடகைக்கா விலைக்கா என்பதை நாடுவாரியாகக் காட்டுகிறது. நற்பணியே. ஆயினும் அது இன்றைய இருப்பிடத்தைச் சொல்லுமேயன்றி நாளையதற்குப் பொறுப்பேற்காது. உரிமை நாடுவாரியாக விற்கப்படுவதால், சென்னையில் காணக் கிடைக்கும் தமிழ்ப்படம் சிங்கப்பூரில் கிடைக்காமற் போவதும் உண்டு.

பூட்டி வைப்பது வேறு, காத்து வைப்பது வேறு. 1931இல் வெளிவந்த காளிதாஸ், தமிழின் முதற் பேசும் படம். அதன் படி ஒன்றேனும் எஞ்சியதாகத் தெரியவில்லை. 1933இல் நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த மார்த்தாண்ட வர்மா என்னும் ஊமைப் படத்துக்கு நேர்ந்ததோ விந்தையானது. சி. வி. இராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய அப்படத்தின்மீது, நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்து அதனை முடக்கினர். பதிப்பகத்தாரிடம் கிடந்த அச்சுருளை 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் பெற்றுக்கொண்டது. பூட்டியதே காத்தது என்று இதனைக் கொண்டு வாதிடுவார் உளர். நான் உடன்படேன். அது முடங்கிக் கிடந்த நாற்பதாண்டுகளில் காண விரும்பி மாண்டவர்க்கு, அது இருந்தும் இல்லாத படமே. தற்செயலாய் எஞ்சியதைக் காவல் என்று எவ்வாறு சொல்வது?

இனி, நேர்வழி அடைபட்டபோது திருட்டுப் படியை நாடலாமா என்று மாணவர் கேட்கக்கூடும். கள்ளாமையை உள்ளத்தளவிலேயே வற்புறுத்தியவர் வள்ளுவர். ஆதலின் அக்குற்றம் குற்றமே. கதவு அடைபட்டிருந்ததால் சுவரேறினேன் என்பது விளக்கமாகுமேயன்றி நியாயமாகாது. ஆனால் அதே வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என்றும் ஓர் அதிகாரம் வகுத்து, தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் கிடக்கும் பொருளைப் பழித்தார். முதல் அதிகாரத்தை நாம் நுகர்வோர்க்கு ஓயாமல் கற்பிக்கிறோம். இரண்டாவதை உரிமையாளர்க்கு ஒருநாளும் நினைவூட்டுவதில்லை. விற்கவும் மாட்டேன், காட்டவும் மாட்டேன், பிறர் காட்டவும் விடேன் என்பவர்க்கு உரிமை உண்டு. அவ்வுரிமை அறமாகுமா என்பதே கேள்வி.

இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகளில் முடிகிறது. ஆனால் உரிமை முடிந்தாலும் சுருள் எவருடைய பெட்டகத்தில் இருக்கிறதோ அவருடைய கையில்தான் படம். நூல்களின் நிலை இதனினும் மேலானது. 2015இல் தேசிய நூலக வாரியமும் தமிழ்ச் சமூகத் தொண்டர்களும் இணைந்து, 1965க்குப் பின் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளை மின்வடிவாக்கினர். எழுத்தாளர்கள் இசைவு தந்ததனாலேயே அது கைகூடிற்று. எழுபதுகளில் அச்சாகிக் கடைகளில் இல்லாது போன ஒரு சிறுகதைத் தொகுதியைப் பூன் லே மாணவன் தன் வீட்டிலிருந்தே இன்று படிக்க முடிகிறதென்றால், அதற்கு ஆசிரியர் இட்ட கையெழுத்தும் காரணம். பாட்டி கேட்ட படத்துக்கு அத்தகைய கையெழுத்தை இன்னும் எவரும் இடவில்லை.