விதிச்ச வலியா?

"பொம்பளைக்கு ஆண்டவன் விதிச்ச வலி, தாங்கித்தான் ஆகணும்." பிரசவ வார்டு நர்ஸான என் காதில் இந்தப் பேச்சு அடிக்கடி விழும். 1847இல் எடின்பரோவில் டாக்டர் சிம்சன் பிரசவ வலி தெரியாமலிருக்கக் குளோரோபார்ம் கொடுத்தபோதும் பைபிளைக் காட்டி மறுத்தவர்கள் உண்டு.

எங்கள் திருச்சி மலைக்கோட்டைச் சாமி தாயுமானவர் வேறு மாதிரி. காவிரியில் வெள்ளம், தாயால் மகளிடம் போக முடியவில்லை. ஈசனே அந்தத் தாயாக வந்து பேறுகாலம் பார்த்தார் என்கிறது தல புராணம். வினைப்பயன் என்று தாயுமானவர் விலகி நிற்கவில்லையே!

அந்தத் தைரியத்தில்தான் வலி எடுத்தவளைப் பெரிய பிரசவப் பந்தில் உட்காரவைக்கிறேன். கட்டில் கம்பியைப் பிடித்தபடி இடுப்பை மெல்லச் சுழற்றுவாள். நான் பின்னால் நின்று அடிமுதுகை அழுத்துவேன். வலி போய்விடாது. ஆனால் இறுகிய தோள் இறங்கும், பல்லைக் கடித்தவள் மூச்சு விடுவாள். பந்தை விட அந்தக் கைதான் முக்கியம். அவளுடைய அம்மா கூட வந்திருந்தால், அழுத்த வேண்டிய இடத்தை அவருக்கே காட்டிக் கொடுத்துவிடுவேன்.