விரோதி இம்சையும் ஓர் உழவரும்

இல்லறத்தார்க்கு முற்றிலும் விலக்கப்பட்டது சங்கல்பி இம்சையே. அடுப்பிலும் உழவிலும் தற்காப்பிலும் நேரும் ஆரம்பி, உத்யோகி, விரோதி இம்சைகளை அவர்கள் அறவே தவிர்க்க இயலாது என நாம் கற்றுள்ளோம். தவிர்க்க இயலாமையால் அவை இம்சை அல்ல என்று ஆகிவிடுமா? முதல் உலகப்போரில் புகழ்பெற்ற ஓர் அமெரிக்க உழவரின் வாழ்வை முன்வைத்து இதனைச் சிந்திக்கலாம்.

டென்னசி மாநிலத்துப் பால்மால் என்னும் மலைக்கிராமத்தில் 1887இல் பிறந்தவர் ஆல்வின் யார்க். இளமையில் குடியும் சண்டையுமாகத் திரிந்து, பின் மனம் மாறி, போரை ஏற்காத ஒரு சிறிய கிறித்தவ சபையில் சேர்ந்தார். 1917இல் படைப்பதிவுத் தாளில், போரிட விருப்பமில்லை என்றே எழுதினார், விலக்கு மறுக்கப்பட்டது. மேலதிகாரிகள் அவரைத் தண்டிக்காமல் விவிலியத்தைக் கொண்டே வாதிட்டதும், ஊர் சென்று எண்ணிவர விடுப்பு அளித்ததும் வியப்பிற்குரியன. மலையில் தனித்திருந்து வேண்டியபின் அவர் போருக்கு இசைந்தார்.

1918 அக்டோபர் 8 அன்று பிரான்சின் ஆர்கோன் காட்டில், பகைவரின் பின்புறம் சென்ற 17 பேருள் அவரும் ஒருவர். இயந்திரத் துப்பாக்கிகளுக்கு அறுவர் இரையாயினர். யார்க் இருபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். சரணடையுமாறு கூவிக்கொண்டே சுட்டார்; ஜெர்மன் அதிகாரி இசைந்தபோது ஏற்றார். 132 பேர் சிறைப்பட்டனர். அத்துப்பாக்கிகளை ஓயச்செய்து உயிர்களைக் காப்பதே தம் நோக்கம் என்று பின்னர் விளக்கினார்.

விரோதி இம்சைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. அதன் எல்லையும் இங்கே புலனாகிறது: கை உயர்த்தியவன்மீது விடும் குண்டு தற்காப்பு ஆகாது, சங்கல்பமே ஆகும். எல்லைக்குள் நின்றபோதிலும் யார்க் தம்மைக் கடன்தீர்ந்தவராகக் கருதவில்லை. களத்திற்கு மீண்டும் சென்று, இருதரப்பிலும் மாண்டவர்க்காக வேண்டினார். ஊர் திரும்பியதும், தம் பெயரை விலைபேசி வந்த வணிகரையும் நாடகத்தாரையும் மறுத்து நிலத்திற்கே சென்றார். வறுமையிலும் அக்கொலைகளுக்குக் கூலி பெற மறுத்த அந்த மனத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1926இல் ஜேம்ஸ்டவுனில் மலைப்பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். நெடுநாள் மறுத்துவந்த திரைப்படத்திற்கும் ஒரு விவிலியப் பள்ளிக்குப் பொருள் வேண்டியே இசைந்தார். அது 1941இல் வெளிவந்தது. அப்பணமே பின்னர் வரி வழக்காக வந்து அவரை வருத்தியது.

அவரைப் போர் வெறுப்பாளராக மட்டும் காட்டுவதும் பொருந்தாது. ஹிட்லரை எதிர்க்க வேண்டும் என்று மேடைதோறும் பேசினார். 1942இல், ஐம்பத்து நான்கு வயதில், மீண்டும் படையில் சேர முன்வந்தார். உடல்நிலை கருதிப் போர்முனைக்கு அவரை ஏற்கவில்லை.