முடிவுறாத மயானம்

கட்டி முடித்த யுத்த மயானத்திற்கும் கட்டிக்கொண்டிருக்கும் யுத்த மயானத்திற்கும் இடையில் ஒரு தார்மீக வித்தியாசம் உண்டு. முடித்த மயானத்தில் புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரே உயரத்தில் வெள்ளைக் கற்கள். கற்களின் அடியில் பூச்செடிகள். உள்ளே வருபவன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். இத்தனை பேர் செத்தார்கள் என்பதைக் காட்டிலும், இத்தனை அமைதியாகக் கிடக்கிறார்கள் என்பதே அவன் மனதில் முதலில் பதிகிறது. கட்டிக்கொண்டிருக்கும் மயானத்தில் அவனுக்கு இந்த வசதி இல்லை. சேறு, முளைக்குச்சி, குச்சிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிறு, தகரத் துண்டில் எண் பொறித்த மரச் சிலுவைகள், இன்னும் மூடாத குழி. யாரை இங்கே வைப்பது, எந்த வரிசையில், எந்தப் பெயரில் என்று உயிரோடிருக்கும் சிலர் தீர்மானித்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. புல் முளைத்த பிறகு அந்தத் தீர்மானங்கள் தெரிவதில்லை. எல்லாம் இயற்கையாகவே அப்படி அமைந்தது போல் ஆகிவிடுகிறது.

யுத்த மயானம் யாருக்காகக் கட்டப்படுகிறது என்ற கேள்வியை, ஆகவே, கட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்பது நல்லது. செத்தவனுக்காக என்பது சுலபமான பதில். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கலாம்.

முதல் உலக யுத்தத்திற்கு முன் பிரிட்டிஷ் ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் பொதுக் குழிதான் கிடைத்தது. 1914இல் செஞ்சிலுவை வாகனப் பிரிவு ஒன்றின் தலைவராக பிரான்சுக்குப் போன ஃபேபியன் வேர், கல்லறைகளைக் குறித்து வைக்க யாருமே இல்லை என்று கண்டு அந்த வேலையைத் தொடங்கினார். அதிலிருந்து 1917 மே மாதம் இம்பீரியல் யுத்தக் கல்லறைக் கமிஷன் பிறந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் தலைவர் ஃபிரடெரிக் கென்யன் 1918இல் கொடுத்த அறிக்கை அதன் கொள்கையை வகுத்தது. எந்தப் பிரேதமும் ஊருக்குக் கொண்டுவரப்படமாட்டாது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்: உயரம் 2 அடி 8 அங்குலம், அகலம் 1 அடி 3 அங்குலம். புது தில்லியை அமைத்த எட்வின் லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும்தான் இந்த மயானங்களுக்கும் பிரதான சிற்பிகள். யுத்தம் முடிந்து 1921 வரை போர்க்களங்களைத் தோண்டி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சடலங்களை எடுத்து, புதிய மயானங்களில் சேர்த்தார்கள்.

இந்தச் சமத்துவத்தைக் கேலி செய்வது எளிது, நியாயம் அல்ல. 1915இல் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன், அவரும் பார்லிமெண்ட் உறுப்பினர், பிரான்சில் கொல்லப்பட்டார். செல்வாக்குள்ள குடும்பம். பிரேதத்தைத் தோண்டியெடுத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் தாய்க்கு அது கனவிலும் முடியாது. அதன் பிறகே தடை வந்தது. பணக்காரனின் மகன் வீட்டுக்கு வந்து, ஏழையின் மகன் சேற்றில் கிடப்பதைவிட, இருவரும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது மேல். இதை மறுக்க நம்மிடம் வாதம் இல்லை.

ஆனால் எதிர்ப்பும் அர்த்தமற்றது அல்ல. மூன்று மகன்களை யுத்தத்தில் இழந்த லேடி ஃபுளோரன்ஸ் செசில், சவங்களின் மேல் தாய்மாருக்கு உள்ள உரிமைக்காக ஆயிரக்கணக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தார். 1920 மே 4இல் பார்லிமெண்டில் விவாதம் நடந்தது. கமிஷனின் கொள்கை நின்றது. உயிரோடு இருக்கையில் அவனைக் கட்டாயமாக எடுத்துக்கொண்ட அரசு, செத்த பிறகும் திருப்பித் தர மறுக்கிறது என்பதுதான் அந்தத் தாய்மார்களின் குற்றச்சாட்டு. அவனுடைய வாழ்க்கையில் சமத்துவம் எங்கும் இருக்கவில்லை. கூலியில் இல்லை, உணவில் இல்லை, பதுங்குகுழியில்கூட அதிகாரியின் இடம் வேறு. முதல் தடவையாக அது அவனை வந்து சேர்ந்தபோது அவன் பிரேதம். அந்தச் சமத்துவம் அவனுக்கு எந்த உபயோகமும் இல்லை. அது பார்க்க வருகிறவர்களுக்கு உபயோகப்பட்டது.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. ருட்யார்ட் கிப்ளிங் 1925இல் வெளியிட்ட ‘தி கார்டனர்’. ஏகாதிபத்தியத்தின் குரல் என்று நாம் ஒதுக்கிவைக்கும் கிப்ளிங்கிடமிருந்து இப்படியொரு கதை வந்தது யோசிக்கத்தக்கது. திருமணமாகாத ஹெலன், செத்துப்போன தன் சகோதரனின் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லி ஒரு பையனை வளர்க்கிறாள். யுத்தத்தில் அவன் காணாமல் போகிறான். பின்னால் சடலம் கிடைத்து, மயானத்தின் பெயரும் எண்ணும் தபாலில் வருகின்றன. அவள் புறப்பட்டுப் போகிறாள். அந்த மயானம் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்கள். கல் நட்டது கொஞ்சம், மற்றதெல்லாம் தகர எண் தாங்கிய சிலுவைக் காடு. முந்தின இரவு விடுதியில் சந்தித்த ஒரு பெண், பிறருக்காகக் கல்லறைகளைப் பார்த்துப் புகைப்படம் எடுத்துக் கொடுக்க அடிக்கடி வருவதாகச் சொல்கிறாள். பிறகு உடைந்து, தான் வெளியில் சொல்ல முடியாத உறவுடைய ஒருவனின் கல்லறைக்காகத்தான் வருவதாக ஒப்புக்கொள்கிறாள். மறுநாள் மயானத்தில் செடி நட்டுக்கொண்டிருக்கும் ஒருவனிடம் ஹெலன் தன் சகோதரன் மகனின் இடத்தைக் கேட்கிறாள். அவன் ‘உன் மகன்’ என்ற சொல்லாலேயே பதில் சொல்லி வழிகாட்டுகிறான். அவள் அவனைத் தோட்டக்காரன் என்று எண்ணித் திரும்புகிறாள். யோவானின் சுவிசேஷத்தில் மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரன் என்று நினைத்ததை வாசகன் இங்கே நினைவுகூர வேண்டும்.

இந்தக் கதையைப் பாவமன்னிப்பின் கதையாகப் படிப்பது வழக்கம். நமக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. கல் நட்டு முடித்த மயானத்தில் ஹெலன் யாரிடமும் எதுவும் கேட்டிருக்க வேண்டியதில்லை. பதிவேட்டைப் பார்த்து, வரிசையை எண்ணி, பெயரைக் கண்டுபிடித்துத் திரும்பியிருப்பாள். பொய் அப்படியே இருந்திருக்கும். மயானம் முடிவுறாமல் இருந்ததால் அவள் வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போது, இவன் எனக்கு யார் என்று சொல்ல வேண்டியிருந்தது. மயானத்தைப் பார்க்க வருபவனுடைய வேலை இதுதான்: இவன் எனக்கு யார் என்று சொல்வது. கிப்ளிங்குக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அவருடைய ஒரே மகன் ஜான் 1915இல் லூஸ் போரில் காணாமல் போனான். கமிஷனின் உறுப்பினராக, அடையாளம் தெரியாதவர்களின் கற்களில் ‘கடவுள் அறிவார்’ என்ற பொருளில் பொறிக்கப்படும் வாசகத்தைத் தேர்ந்தவரும் அவரே. மகனின் கல்லறை எது என்று தெரியாமலே 1936இல் அவர் செத்தார். 1992இல் ஒரு கல்லில் ஜானின் பெயரைப் பொறித்தார்கள். அது சரிதானா என்று அதன் பிறகும் விவாதம் நடந்தது.

சரி, யாருக்கு எல்லாம் பார்க்க வர ஆள் இருந்தது? இங்கேதான் கமிஷனின் சமத்துவம் பிசகுகிறது. பிரான்சில் நெவ் ஷாப்பெல் என்ற இடத்தில், 1927இல் திறந்த இந்தியர் நினைவுச் சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஐரோப்பியன் கண்ணில் படும் இடம் அது. ஆனால் ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பட்டாளத்தின் சுமையைத் தூக்கி நோயிலும் பசியிலும் செத்த ஆயிரக்கணக்கான சுமைகூலிகளுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. நைரோபியில் அவர்களுக்கும் சேர்த்து ஒரு சிலை வைத்தார்கள். நாட்டுக்காகச் செத்தால் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள் என்ற பொருளில் அதில் ஒரு வாசகம். அதுவும் கிப்ளிங் எழுதியதாகவே சொல்லப்படுகிறது. அந்தச் சிலையில் ஒரு பெயர்கூட இல்லை. வெள்ளைச் சிப்பாயின் பெயரை நினைவில் வைப்பது அரசின் கடமை. கறுப்புக் கூலியின் பெயரை நினைவில் வைப்பது அவன் பிள்ளைகளின் கடமை.

காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷன் என்று பெயர் மாறிய அதே ஸ்தாபனம் 2021இல் இதை விசாரித்துத் தானே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற விதத்தில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். இவர்கள் தவிர, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை. இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கு நடுவில் 2,34,000 மனிதர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே தெரியவில்லை.

பெயரால் செத்தவனுக்கு என்ன லாபம் என்ற பழைய கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. செத்தவனுக்கு லாபம் ஒன்றும் இல்லை. அவன் படிக்கப்போவதில்லை. ஆனால் பெயர் இல்லாவிட்டால் அவன் கொல்லப்பட்டான் என்பதற்குச் சாட்சி இல்லை. பெயர் இருக்கும் இடத்தில் ஒருவனைக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. எண்ணிக்கையாக இருப்பவனை எப்படி வேண்டுமானாலும் முழு எண்ணாக்கிக்கொள்ளலாம். நம்முடைய நடுகற்களைச் செதுக்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சடலம் அடியில் இருக்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆநிரை மீட்கையில் இன்னான் இங்கே பட்டான் என்று எழுதிவைத்தார்கள். அங்கும் கல் வீரனுக்குத்தான். அவனுக்குச் சோறு சுமந்தவனுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுமந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளையும், அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களையும் அதில் வதைத்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். யுத்தம் முடிந்ததும், 1945 செப்டம்பரில், கல்லறை தேடும் குழுவொன்று பாதை நெடுக ரயிலில் போயிற்று. கைதிகள் தம் தோழர்களின் கல்லறைகளை ரகசியமாகக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு காட்டுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். காஞ்சனபுரியில் புதிய மயானம் எழுந்தது. இன்று அங்கே ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள், கண்ணைப் பறிக்கும் ஒழுங்கில். அதே பாதையில் செத்த தமிழனைத் தேடி அந்த ரயில் போகவில்லை. அவன் பெயரை எந்தக் கைதியும் குறித்து வைக்கவில்லை. அவன் மனைவி தோட்டத்து லயத்தில் இருந்தாள். அவளுக்கு எண்ணும் மயானப் பெயரும் தாங்கிய தபால் வரவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் பின்னால் வந்தன. கல் செய்ய வேண்டிய வேலையை நாவல் செய்ய நேர்ந்தது. அந்த நாவல்களின் இலக்கிய மதிப்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும், இந்த உண்மையை விட்டுவிட்டுப் பேசுவது அறியாமை.

எல்லாம் முடிந்துபோன விஷயம். இனிமேல் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். முடிந்தது என்பதும் ஓர் அபிப்பிராயம்தான். பிரான்சில் ஃபுரோமெல் என்ற ஊரில், 1916 ஜூலை 19 இரவு நடந்த தாக்குதலில், ஒரே இரவில் 5,533 ஆஸ்திரேலியர்கள் செத்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். ஜெர்மானியர் தங்கள் பக்கம் கிடந்த பிணங்களை ஒரு சிறு காட்டின் ஓரத்தில் குழிகளில் புதைத்தார்கள். யுத்தத்துக்குப் பின் தோண்டியவர்கள் இந்தக் குழிகளைக் காணவில்லை. தொண்ணூறு வருஷம் யாரும் கேட்கவில்லை. மெல்போர்னைச் சேர்ந்த லாம்பிஸ் எங்லெசாஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார், காணாமல் போனவர்களின் பட்டியலையும் கண்டெடுக்கப்பட்டவர்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கணக்கு உதைக்கிறது என்று ஓயாமல் சொன்னார். 2009இல் தோண்டினார்கள். 250 சடலங்கள். ஐம்பது வருஷத்துக்குப் பின் கமிஷன் முதல் தடவையாகப் புதிய மயானம் ஒன்றைக் கட்டியது. 2010 ஜனவரியில் தொடங்கி ஒவ்வொருவராகத் தனித்தனியே புதைத்தார்கள். உறவினர்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு அவர்களில் பெரும்பான்மையோருக்குப் பெயரும் கிடைத்துவிட்டது.

செத்தவர்களை எதிரியே மரியாதையாகப் புதைத்திருக்க, எதற்காகத் தோண்ட வேண்டும் என்றும் அப்போது கேட்கலாம்தான். எதிரி தோண்டிய குழியும் குழிதான். ஆனால் வாத்தியார் கேட்டது குழி அல்ல. இன்னார் எங்கே என்று கேட்டார். அவர் பார்வையாளர் மாதிரி வந்து நின்றதால், தொண்ணூறு வருஷமாக முடிந்திருந்த மயானம் மறுபடி முடியாததாக ஆயிற்று. 2025 ஜனவரியில் கேப் டவுனில், முதல் உலக யுத்தத்தில் கூலிப் படைகளில் செத்த 1,700க்கும் மேற்பட்ட கறுப்பர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மரக் கம்பங்களில் பொறித்து ஒரு நினைவிடம் திறந்தார்கள். அதுவும் யாரோ பழைய ஏடுகளைப் புரட்டிக் கேட்டதன் விளைவு.

ஃபுரோமெலுக்கும் சயாமுக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அங்கே பட்டியல் இருந்தது. பட்டியல் இல்லாத இடத்தில் விஞ்ஞானம் எலும்பைக் காட்டும், பெயரைக் காட்டாது. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நாள் வரை இருந்து மறுநாள் இல்லாமல் போன பெயர்கள்தான் நமக்கு எஞ்சியவை, அவையும் எஞ்சியிருந்தால். காஞ்சனபுரிக்குப் போகும் தமிழன் அந்த வெள்ளை வரிசைகளின் நடுவில் நின்று அமைதியடைந்து திரும்புவது அவன் இஷ்டம். ஆனால் இந்த மயானம் இன்னும் கட்டி முடியவில்லை என்ற பிரக்ஞையோடு அங்கே நிற்பவன் மட்டுமே, என்னுடையவன் எங்கே என்று யாரையாவது கேட்பான். கேட்க ஆள் இல்லாத மயானத்தைத்தான் கட்டி முடித்த மயானம் என்று சொல்கிறோம்.